ஒரு தடவைதான் சொல்வார்

அக்கா என் ஆட்டோவில் முதன்முதலில் ஏறிய அன்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் அவரிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். மொத்தம் முப்பது வார்த்தை இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே அதிகம்.

மதுரை ரயில்வே ஸ்டேஷன் வாசல். மார்கழி மாதம், வெளிநாட்டுக்காரர்கள் வருகிற காலம். கறுப்புக் கண்ணாடி, கறுப்புக் குடை, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை, நூல் சேலை என்று ஒரு வெள்ளைக்காரி நின்றார். சேலை கட்டிய வெள்ளைக்காரிகளை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆசைக்குக் கட்டுவார்கள், கொசுவம் நழுவிக்கொண்டே இருக்கும். இவருக்குக் கொசுவம் நின்ற நேர்த்தியைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“ஹலோ மேடம், வெல்கம் மதுரை. டெம்பிள்? ஹோட்டல்?”

அவர் ஏறி உட்கார்ந்து ஏதோ சொன்னார். ஆரப்பாளையம் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. கொடைக்கானல் பஸ் அங்கேதான் நிற்கும். சரி, மலைக்குப் போகிற சவாரி என்று நானாக முடிவு செய்துகொண்டு, “கொடைக்கானல் குட் மேடம். கூல் கூல்” என்றேன். வழியெல்லாம் விளக்கம் சொன்னேன். “திஸ் சைடு வைகை. ரிவர். நோ வாட்டர்.” பின்னாலிருந்து “உம்” என்று மட்டும் வந்தது. நம்முடைய இங்கிலீஷ் புரிகிறது போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகத்தைக் குறைத்தேன்.

“பஸ் ஸ்டாண்டு வேணாம் தம்பி. அடுத்த சந்து, மாவு மில்லுக்கு எதுத்த வீடு. மில்லு முன்னாடி பள்ளம் கெடக்கு, பாத்துத் திருப்புங்க.”

வண்டி பள்ளத்தில் இறங்கியே விட்டது.

“மேடம்... தமிழ் தெரியுமா?”

“தெரியும். ஒங்களுக்கு?”

“ஏறும்போதே சொல்லியிருக்கலாம்ல மேடம்?”

“சொன்னேனே. ‘ஆரப்பாளையம் போகணும் தம்பி’ன்னுதான சொன்னேன். நீங்கதான் கண்ணால கேட்டீங்க.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குக் கவலைப்படுவது ஒரு வேலை மாதிரி. பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ, மகளுக்குப் பரீட்சை நேரத்தில் காய்ச்சல் வந்துவிடுமோ, சாவியை வண்டியிலேயே விட்டோமோ என்று எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு புரள்வேன். அன்று அந்தம்மாள் முகம். மறுநாள் காலையில் மாவு மில் சந்துக்கே போய், “தப்பா நெனச்சுக்கிறாதீங்க” என்று தலையைச் சொறிந்தேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். எட்டரைக்கு எனக்கு டூட்டி. வந்ததுதான் வந்தீங்க, எறக்கி விட்டுட்டுப் போங்க” என்றார். அப்படிப் பிடித்த சவாரி பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. மேடம் என்பது இரண்டே நாளில் அக்கா ஆனது.

தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற சத்து சிலருக்குப் பிறவியிலேயே உடம்பில் ஊறாதாம். அக்கா அப்படிப் பிறந்தவர். தலைமுடி காய்ந்த சோளத்தட்டை நிறம். புருவமும் இமையும் அதே நிறம். முகம் ரோஸ். வெயில் பட்டால் பத்து நிமிஷத்தில் சிவந்து, அரை மணி நேரத்தில் கொப்புளம் போட்டுவிடும். கண்ணும் வெளிச்சம் தாங்காது, பார்வை மட்டு. போனில் வந்த செய்தியைப் படிக்க வேண்டுமானால் மூக்குக்கு நேரே, மோந்து பார்ப்பது போலக் கொண்டுபோவார். அதனால் யாராவது கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

வேலை, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். அங்கே முகத்துக்கு வேலையில்லை. “வணக்கம், எந்த டாக்டருண்ணே வேணும்?” என்று அவர் கேட்டால், உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் சொந்த மதினியிடம் பேசுவது போல எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். “முப்பது வருசமா போன்ல பேசுறேன் தம்பி. ஒருத்தராச்சும் எந்த நாடுன்னு கேட்டதில்ல” என்று சிரிப்பார்.

கண்தான் மட்டு, காது அப்படி ஒரு காது. நோயாளி வீட்டு ஆட்கள் அழுதுகொண்டே, வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த ஆளுக்குக் கேட்கக் கூடாதென்று முணுமுணுப்பார்கள். அதில் ஒரு எழுத்தைத் தவற விடமாட்டார். டவுன்ஹால் ரோட்டில் நாலாப்பக்கமும் ஹாரன் அடிக்கிறபோது, நான் எனக்குள் முனகிக்கொள்கிற வசவு பின்சீட்டில் கேட்டுவிடும். “தம்பி, அவன் அம்மா என்ன பண்ணுச்சு?” என்பார்.

இனி அக்காவின் முக்கியமான குணம். தான் யார் என்பதை அவர் ஒரு தடவைதான் சொல்வார்.

“விச் கன்ட்ரி மேடம்?”

“மதுரை.”

“நோ நோ. நேட்டிவ், நேட்டிவ்?”

அவ்வளவுதான். அதற்குப் பதில் வராது. கேட்டவர் ரஷ்யாவா, ஜெர்மனியா என்று உலகத்தையே சுற்றி வந்தாலும் அக்கா குடையைச் சுருக்கிக்கொண்டு நடந்துவிடுவார். ஆதார் அட்டை பையில்தான் இருக்கும், எடுக்க மாட்டார். சிலர் தமிழைக் கேட்டபிறகும் நம்ப மாட்டார்கள். “மேடம் சூப்பரா தமிழ் பேசுறீங்களே, எத்தனை வருசமாக் கத்துக்கிட்டீங்க?” என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். “ஒன்ற வயசுல ஆரம்பிச்சேன். நீங்க?” என்றார் அக்கா. நான் வண்டியை நகர்த்துவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஒரு நாள் நிஜ வெள்ளைக்காரி ஒருத்தி, முதுகில் பெரிய மூட்டையோடு, அக்காவைத் தன் ஊர்க்காரி என்று நினைத்து வந்து பேசினாள். அக்கா ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

“என்னக்கா கேட்டுச்சு?”

“எந்த ஊருன்னு கேட்டா. மதுரைன்னேன். சரின்னுட்டா. ஒரே தடவையில நம்புனது இத்தனை வருசத்துல அவ ஒருத்திதான்.”

“இன்னொரு தடவை சொன்னாத்தான் என்னக்கா? வாயா வலிக்கப் போகுது?” என்று நான் கேட்டிருக்கிறேன். எனக்கு எதையும் பத்துத் தடவை சொன்னால்தான் மனசு ஆறும்.

“ஒரு தடவை சொன்னா அது பதில் தம்பி. ரெண்டாந்தடவை சொன்னா அது கெஞ்சுறது.”

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாய் தகப்பன் போய்விட்டார்கள். கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. மேலூர் தாண்டி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாதத்துக்கு ஒரு தடவை ஜவுளி எடுக்க, பல் டாக்டரைப் பார்க்க என்று ஏதாவது சாக்கு வைத்து மதுரைக்கு வருவார். கூட அவருடைய மகளும் வரும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நான்தான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். அந்தப் பிள்ளை ஏறியதும், “அண்ணே, பெரியம்மா என்ன செஞ்சு வச்சிருக்காங்க?” என்று கேட்கும். தங்கச்சி உடனே வெளியே எட்டிப் பார்த்து, “மெல்லப் பேசுடி” என்பார். எதற்கு மெல்லப் பேச வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

விளங்கியது ஒரு டிக்கெட் கவுண்டரில். அந்தப் பிள்ளைக்கு அப்போது பதிமூன்று வயது. ஊருக்கு வெளியே ஒரு பழைய இடம், சுற்றிப் பார்க்க வேண்டும் என்றது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு டிக்கெட், வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு டிக்கெட். கவுண்டரில் இருந்தவர் அக்காவுக்கு வேறு டிக்கெட்டைக் கிழித்தார்.

“எனக்கும் உள்ளூர் டிக்கெட்தான் சார். ஆரப்பாளையம்.”

“பாஸ்போர்ட் மேடம், பாஸ்போர்ட்.”

அக்கா அசையவில்லை. கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை வளர்ந்தது. பின்னால் சத்தம் கிளம்பியது. “ஆதாரையாச்சும் காட்டுங்கம்மா” என்றார் ஒருவர். அப்போது மட்டும் திரும்பி, “ஒங்ககிட்டக் கேட்டாங்களா?” என்றார். இல்லை என்றார் அவர். “அப்ப எனக்கு எதுக்கு?”

நான் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். ‘இவ எங்க அக்கா’ என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வரிசையில் மேலூர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். தங்கச்சி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “எங்க கூட வந்தவங்கதான் சார்” என்றார்.

கூட வந்தவங்க. அக்காவின் கை கம்பியிலிருந்து நழுவியதை நானும் பார்த்தேன், அந்தப் பிள்ளையும் பார்த்தது. கடைசியில் வரிசையின் கூச்சல் தாங்காமல் அந்த ஆள் உள்ளூர் டிக்கெட்டையே கொடுத்தார். அக்கா உள்ளே வந்து எதையும் பார்க்கவில்லை. ஒரு தூண் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

“தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னையப் பக்கத்து வீட்டு மாடியில ஒக்கார வச்சாங்க. என்னையப் பாத்தா, நாளைக்குப் பொறக்குற புள்ளையும் இப்படி இருக்கும்னு சம்பந்தம் கலைஞ்சு போகும்னு பயம். கல்யாணத்தன்னிக்கு நான் டூட்டி பாத்தேன். அந்த ஊருல என்னைய ஒருத்தருக்கும் தெரியாது. அவ புருசன் அப்புறமாத் தெரிஞ்சுக்கிட்டு, வெளிய தெரிய வேணாம்னு சொல்லிட்டாரு.”

“நீங்க எப்படிக்கா சும்மா இருந்தீங்க?”

“அப்பா வந்து, ‘வராம இருக்கியாம்மா’ன்னு கேட்டாரு. ஒரு தடவைதான் கேட்டாரு. ரெண்டாந்தடவை கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்.”

அந்தத் தங்கச்சி போன ஆவணியில் இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் ஐந்தாம் நாள் எழவில்லை. விடிகாலையில் அந்தப் பிள்ளைதான் போன் போட்டுச் சொன்னது. இப்போது அதற்கு இருபத்திரண்டு வயது. அக்கா எனக்குப் போன் செய்து, “தம்பி, கடை தெறந்ததும் ஒரு சேலை எடுக்கணும். பெறகு மேலூர் போகணும்” என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். கோடி என்போம். அதைப் பிறந்த வீட்டு ஆள் தன் கையால் பிணத்தின் மேல் போர்த்தின பிறகுதான் தூக்குவார்கள். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான்.

ஜவுளிக்கடைப் பையன், “பார்ட்டிக்கா மேடம்? திஸ் கலர் யூ வெரி நைஸ்” என்று சேலையை அக்கா தோளில் போட்டுக் காட்டினான். “கோடி எடுக்க வந்திருக்கேன்பா” என்றார் அக்கா. அவனுக்கு ஏறவில்லை, இன்னும் இரண்டு சேலையை விரித்தான். அக்கா முதல் சேலையையே எடுத்தார். அரக்குச் சிவப்பு.

ஒத்தக்கடை தாண்டி, யானைமலை பின்னால் போனபோது அக்காவின் போன் அடித்தது. தங்கச்சி புருஷன். மடியில் ஸ்பீக்கர் பேசியது.

“இந்தா பாருங்க, ஒங்களுக்குத் தெரியாததில்ல. புள்ளைக்குப் பேசி முடிச்சிருக்கு. மாப்ள வீட்டு ஆளுக வந்து உக்காந்திருக்காக. நீங்க வந்து நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. சேலையை மட்டும் யாருகிட்டயாவது குடுத்து விடுங்க. வர்ற ஆளை ஏதாச்சும் முறை சொல்லிச் சமாளிச்சுக்கிருவேன்.”

“வாரேன்” என்று ஒரே வார்த்தை சொல்லி அக்கா போனை வைத்தார்.

 எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். “அக்கா, புள்ளை வாழ்க்கைன்னு சொல்றாரே” என்றேன்.  கொஞ்ச தூரம் போனபிறகு, “அங்க வந்து எனக்காக நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது தம்பி” என்றார்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போது மணி இரண்டு. பந்தல் போட்டிருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டார். குடையையும் சுருக்கி உள்ளே வைத்தார். “அக்கா, வெயிலு!” என்றேன். “எழவு வீட்டுக்குக் கொடை பிடிச்சுக்கிட்டா போவாங்க?” என்று சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வழியில் வாங்கிய மாலையை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பந்தல் வாசலிலேயே நாலைந்து இளவட்டங்கள் மறித்துக்கொண்டார்கள்.

“மேடம் மேடம், நோ போட்டோ. நோ வீடியோ. டெத் ஹவுஸ்.”

“பொறந்த வீட்டு ஆளுப்பா நான். கோடி கொண்டாந்திருக்கேன்.”

ஒரு தடவை. சொல்லியாகிவிட்டது.

“யப்பா, தமிழ் பேசுதுடா!”

“மேளம் அடிக்கிறதப் படம் பிடிக்க வந்திருக்கும் மாப்ள. ஜல்லிக்கட்டுக்கு வரும்ல, அந்தக் கூட்டம்.”

“ஏ, மரியாதையாப் பேசுங்கடா, விருந்தாளி” என்று ஒருவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து தெருவோரம் போட்டான். “சிட் மேடம். வாட்டர்?” என்று பாட்டிலை நீட்டினான். நல்ல பையன்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா உட்காரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் நின்றார். நான் அண்டை வீட்டு நிழலைக் காட்டினேன். “வேடிக்கை பாக்க வந்தவுகதான் நெழல் தேடுவாங்க” என்றார். பத்து நிமிஷத்தில் கழுத்து சிவந்தது. அப்புறம் காது. நான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன்.

வீட்டு வாசலில் தங்கச்சி புருஷன் நின்றார். எங்களைப் பார்த்தார். உடனே மேளக்காரர்கள் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றிக்கொண்டு வந்து, அக்காவை விட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

“தம்பி, நீங்க நல்லா இருப்பீங்க. அந்தப் பையை வாங்கிட்டு வாங்க. மச்சான் முறைன்னு சொல்லிக்கிரலாம். ரெண்டு நிமிச வேலை.”

போய் அக்காவிடம் சொன்னேன். “அந்தாளு எங்கிட்ட வந்து கேக்கட்டும்” என்றார். அந்தாள் வரவில்லை.

மூன்று மணி ஆனது. எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? இன்னும் எம்புட்டு நேரம்?” என்று சத்தம் போட்டார். எல்லோரும் தெருமுனையைப் பார்த்தார்கள். பிறந்த வீட்டு ஆள் வருகிறாரா என்று அக்காவின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பெரியவர் கண்ணில் நான் பட்டேன். கறுத்த ஆள், நாலு நாள் தாடி, கையில் மாலை.

“அட, நீங்கதான் பொறந்த வீடா? இம்புட்டு நேரம் ஓரமா நின்னா எப்படிப்பா? வாங்க வாங்க.”

“ஆமாமா, மச்சான் முறைதான்” என்றார் தங்கச்சி புருஷன் அவசரமாக.

கூட்டம் எனக்கு வழி விட்டது. யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை, பேர் கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு யாருமே இல்லை. ஆனால் என் மூஞ்சி போதுமானதாக இருந்தது. ஒருவர் என் கையைப் பிடித்து, “அழுகாதீங்க, விதி” என்றார். என் கால் தானாக ஆறேழு எட்டு எடுத்து வைத்தது. உண்மையைச் சொல்கிறேன், போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். பையை வாங்கிப் போர்த்திவிட்டால் அக்கா நிழலுக்குப் போவார், பிள்ளை கல்யாணம் நடக்கும், யாருக்கும் வம்பில்லை. கவலைக்காரனுக்கு இதைவிடச் சௌகரியம் உண்டா?

திரும்பிப் பார்த்தேன். அக்கா நெற்றியெல்லாம் ரத்தம் கட்டினாற்போலச் சிவந்து நின்றார். போகாதே என்று சொல்லவில்லை. சேலையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அக்காவுக்காக நான் ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் எனக்காக நான் சொல்லலாம் அல்லவா?

“நான் ஆட்டோ ஓட்டுறவன்ணே” என்றேன்.  “சவாரிக்கு வந்தேன். நான் பொறந்த வீடு இல்ல.”

மேளம் நின்றது. பெரியவர் என்னைப் பார்த்தார், பிறகு தங்கச்சி புருஷனைப் பார்த்தார். “மச்சான்னு சொன்ன? அப்பப் பொறந்த வீடு யாருப்பா?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “யாரும் இல்லண்ணே. அத்துப்போச்சு. நாமளே ஒண்ணைப் போட்டுத் தூக்கிருவோம்.”

“அதெப்படி? பொறந்த வீட்டுக் கோடி இல்லாம தூக்குனா அநாதைப் பொணம்டா. செத்துப்போன புள்ளை என்ன அநாதையா?”

“அநாதை இல்ல தாத்தா.”

வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை வந்து படியில் நின்றது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. “அத்துப்போகல. எங்க அம்மா கூடப் பொறந்தவங்க அந்தா வெயில்ல நிக்கிறாங்க. எங்க பெரியம்மா.”

“ஏ, உள்ள போ!” என்றார் தகப்பன்.

“அம்மா இருந்தப்பவும் சொல்ல விடல. இப்பவும் விட மாட்டீங்களா?”

படியிறங்கி நேரே வந்து அக்காவின் கையைப் பிடித்தது. அக்கா குனிந்து, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மாப்ள வீட்டு ஆளுக இருக்காங்களாம்ல சாமி” என்றார். பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“இருக்கட்டும் பெரியம்மா. பாக்கட்டும்.”

கூட்டம் விலகியது. கண்ணுக்கு வெளிச்சம் பொறுக்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா நடந்து போனார். நாற்காலி போட்ட பையன் தண்ணீர்ப் பாட்டிலோடு அப்படியே நின்றான். வாசலில் கிடத்தியிருந்த தங்கச்சியின் பக்கத்தில் மண்டியிட்டு, அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்தார். போனை எப்படிப் படிப்பாரோ அப்படி, மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. சுற்றி இருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து அக்காவின் முதுகில் கை வைத்து அழத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் அக்கா அழுதார். சேலையை உதறி விரித்துக் கழுத்து வரை போர்த்தினார்.

பெரியவர் எழுந்து தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். “பொறந்த வீட்டுக் கோடி விழுந்திருச்சு. தூக்குங்கப்பா.”

அந்தச் சம்பந்தம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நானும் அதையே நினைத்துப் பதினாறு நாள் தூங்கவில்லை. கருமாதி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து, பிறக்கிற பிள்ளைக்கு இது வராது என்று டாக்டரிடம் எழுதி வாங்கித் தரச் சொன்னார்கள். “வாங்கித் தாரேன். ஒங்க வீட்டுலயும் ஆளுக்கு ஒண்ணு எழுதி வாங்கிட்டு வாங்க” என்றதாம் பிள்ளை. அவர்கள் திரும்ப வரவில்லை. பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அக்காவும் ஓய்வு வாங்கிக்கொண்டு துணைக்குப் போய்விட்டார். மாவு மில் சந்துப் பள்ளம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அந்தப் பக்கம் சவாரி போனால் வண்டி அதில் இறங்கிவிடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்து, அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். முகமும் கையும் கொப்புளம் கட்டியிருந்தன. சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆட்கள் தெருவெல்லாம் நின்றார்கள். தங்கச்சி புருஷன் மெதுவாக வந்தார். வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாமல், வாய்க்குள்ளேயே சொன்னார்:

“மதினி, கருமாதிக்கு வந்துருங்க.”

இஞ்சின் அப்போது ஓடவில்லை. முன்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

அக்கா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “என்ன சொன்னீங்க? காதுல விழல.”

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார்.

“மதினி! கருமாதிக்கு வந்துருங்கன்னேன்!”

“வாரேன்” என்றார் அக்கா. “எடுங்க தம்பி.”

அக்காவின் காதைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.